அண்ணிக்கு அடுத்த பெயர்

கார்மார்தன், வேல்ஸ்
12 ஜனவரி 2025

அன்புள்ள ரோஷினி,

நான் நலம். நீயும் ரக்ஷனாவும் உன் அண்ணனும் நலம்தானே? தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் நான் ஹலோ என்றதுமே உன் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நம் இரண்டு பேர் பேச்சைக் கேட்பதில் அவருக்கு அப்படி என்ன ஆசையோ! வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ படித்துவிட்டு ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லிக்கொடுக்கும் நாம், ஒருவருக்கொருவர் ஒழுங்காக எழுதிப் பார்த்தால் என்ன என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விமான நிலையத்துக்கு நீ வரவில்லை. தலைவலி என்று உன் அண்ணன் சொன்னார். நம்பினேன். நம்பினேன் என்றே வைத்துக்கொள்.

பூன் லேயில் உன் வீட்டைப் பூட்டிவிட்டு, ஜூலை வரை செங்காங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து ரக்ஷனாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீயாகத்தான் சொன்னாய். துவாஸ் துறைமுகத்தில் மாறி மாறி ஷிப்டு பார்க்கிற மனுஷனை நம்பி ஒன்பது வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு நான் கிளம்பியிருக்க முடியாது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. இந்த ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்துக்கு இரண்டு பேரும்தான் விண்ணப்பம் போட்டோம், எனக்குக் கிடைத்தது. உனக்குக் கிடைத்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

இங்கே பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறார்கள், பள்ளியில் வெல்ஷ் படிக்கிறார்கள். நம் கதையேதான். கடைக்குப் போனால், வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் சட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வில்லை குத்தியிருக்கிறார்கள். என்னிடம் அந்த மொழியில் பேசலாம் என்று அர்த்தமாம். சிங்கப்பூரில் நம் சிராங்கூன் ரோட்டில் இப்படி ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் தேக்கா சந்தைப் பாடத்தைக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். ஜூலையில் முடிவு மாநாடு. உலகத்தின் பல மூலைகளிலிருந்து வரும் ஆசிரியர்கள் முன்னால் அதைச் சொல்லப்போகிறேன். பிறகு அது இணையத்தில் ஏறும். எந்த நாட்டு ஆசிரியரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

ரக்ஷனா என்னிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசமாட்டாள், உனக்குத் தெரியும். நீயும் கட்டாயப்படுத்தாதே. காலையில் பசியாறப் பரோட்டாவே கேட்பாள். தினமும் வாங்கித் தராதே.

அன்புடன்,
சுஷ்மிதா

*

செங்காங்
19 ஜனவரி 2025

அண்ணிக்கு,

எனக்குத் தலைவலி ஒன்றும் இல்லை. வரப் பிடிக்கவில்லை, வரவில்லை. அண்ணன் பூசி மெழுகியிருக்கிறார். அது அவருக்குக் கைவந்த கலை.

'உனக்குக் கிடைத்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன்.' கிடைத்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்போதுதான் பார்க்கிறேன். எனக்குச் சந்தோஷம் இல்லை அண்ணி. வயிறு எரிகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பூசத் தெரியாது.

நான் உங்களைவிட இரண்டு வயது மூத்தவள். நீங்கள் பயிற்சி ஆசிரியராக வந்தபோது என் வகுப்பின் பின்வரிசையில்தான் உட்கார்ந்தீர்கள். முதல் பாடம் எடுக்கும்போது மார்க்கரைக் கீழே போட்டீர்கள், நான் குனிந்து எடுத்துக்கொடுத்தேன். நல்ல பெண் என்று என் அண்ணனுக்குக் காட்டியதும் நான்தான். கல்யாணத்தன்று அண்ணன் தாலியில் முதல் முடிச்சுப் போட, மற்ற முடிச்சுகளைப் போட்ட நாத்தனாரும் நான்தான். அன்றிலிருந்து இளையவளான உங்களை அண்ணி என்றும் வாங்க போங்க என்றும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அது முறை, அது போகட்டும்.

அந்தச் சந்தைப் பாடம் யாருடையது? பிள்ளைகளைத் தேக்காவுக்கு முதன்முதலில் அழைத்துக்கொண்டு போனது யார்? அன்றைக்கு நீங்களும் கூட இருந்தீர்கள். என் மாணவன் ரித்திக் காய்கறிக் கடை முன்னால் விறைப்பாக நின்று, "ஐயா, எனக்கு அரை கிலோ கத்தரிக்காய் வேண்டும். அதன் விலை என்ன?" என்று ஒப்பித்தான். காலமெல்லாம் தமிழர்களுக்குக் காய் விற்ற அந்தச் சீனக் கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்து, "என்னாப்பா, இன்னிக்குப் பரீட்சையா?" என்றார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனப்பாடம் வேண்டாம், பேரம் பேச விடலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். அது உங்கள் பங்கு. மீதி எல்லாம் நான் செய்தது. எனக்கு எழுதும்போது 'நம்' பாடம் என்கிறீர்கள். அங்கே யார் பாடம் என்று சொன்னீர்கள்? அந்தத் திரையில் என் பெயர் இருந்ததா?

நேர்காணலில் "எங்களிடம் என்ன கற்றுக்கொள்ள ஆசை?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு நான் என்னவெல்லாம் சொல்லித்தர முடியும் என்று மூச்சு விடாமல் அளந்தேன். நீங்களோ, "எனக்கு ஒன்றும் தெரியாது, நான் பெற்ற பிள்ளையே என்னிடம் தமிழ் பேசுவதில்லை" என்று கண் கலங்கினீர்களாம். நோகாமல் நுங்கு தின்பது எப்படி என்று உங்களிடம்தான் படிக்க வேண்டும்.

இருட்டோடு எழுந்து, எம்ஆர்டி ரயிலில் தீவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்ப் பாடம் எடுத்துவிட்டு வருகிறேன். உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்கு எனக்குத் தீபாவளி. ரக்ஷனாவை எதிர்வீட்டு ஆமினா பீவி பள்ளியில் விடுகிறார். பிள்ளை நன்றாக இருக்கிறாள். தினமும் பரோட்டாதான் தின்கிறாள்.

ரோஷினி

*

கார்மார்தன்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ரோஷினி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதி அழித்துவிட்டேன். உன் பெயர் திரையில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில். இதை எழுதும்போதே நீ பல்லைக் கடிப்பது தெரிகிறது. இப்போது முதல் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

நான் எழுத வந்தது வேறு. நேற்று ரக்ஷனாவோடு வீடியோவில் பேசினேன். மழையில் நனைந்துகொண்டே ஒரு குன்று ஏறிய கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "அம்மா, ரொம்பத்தான் அலட்டிக்காதீங்க. இங்கயும்தான் மழை பேயுது" என்றாள்.

தமிழில்! என் பெண்!

என்ன செய்தாய் அவளை? எத்தனை வருடம் கெஞ்சியிருக்கிறேன். குளிர்பதனப் பெட்டியிலிருந்து குளியலறை வரை தமிழ்ச் சொற்களை எழுதி ஒட்டினேன். நட்சத்திரம் கொடுத்தேன், ஐஸ்கிரீம் கொடுத்தேன். நான் தமிழில் வாயைத் திறந்தாலே, "டீச்சர் வாய்ஸ் வேணாம் லா, மம்மி" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். மம்மி என்று கூப்பிட்டவள் நேற்று அம்மா என்றாள்.

சந்தோஷப்பட வேண்டும், இல்லையா? படவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். வீட்டில் மொழி பேசாத பிள்ளையைப் பேச வைப்பது எப்படி என்று இங்கே கூட்டம் போட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ அதை முடித்தே விட்டாய். அவள் கையை ஆட்டுவதுகூட உன்னை மாதிரி இருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

எப்படிச் செய்தாய் என்று எழுது.

சுஷ்மிதா

*

செங்காங்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

கேட்டுவிட்டீர்களே, சொல்கிறேன். கேட்பீர்கள் என்று காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. உங்களைப் பற்றிப் புறம் பேசினேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் ஆமினா பீவி தேநீர் குடிக்க வந்தார். நான் என் மனக்குறையை எல்லாம் கொட்டிக்கொண்டிருந்தேன். ரக்ஷனா சோபாவில் ஐபேடும் கையுமாகக் கிடந்தாள். உங்கள் பெயர் காதில் விழுந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"அத்தை, வாட் டிட் மம்மி டூ?"

"தமிழ்ல கேளு, சொல்றேன்."

கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பிடித்து, "அம்மா... என்ன... பண்ணாங்க?" என்றாள். மார்க்கரைக் கீழே போட்ட கதையைச் சொன்னேன். தலைப்பொங்கலுக்குப் பானையை அடிப்பிடிக்க வைத்துவிட்டு, மேலாக எடுத்து எல்லோருக்கும் பரிமாறினீர்களே, அதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னும் சொல்லுங்க அத்தை" என்று நின்றாள். இப்போது அவள் தன் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி எனக்குச் சொல்கிறாள். என்னமாய்ச் சொல்கிறாள்! "அவங்களுக்கு வாய் காது வரைக்கும் நீளும்" என்கிறாள். ஊர்வம்பு பேச ஆசை வந்துவிட்டால் பிள்ளைகளுக்கு மொழி தானாக வரும். இதை உங்கள் மாநாட்டில் சொல்லுங்கள், கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றியும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். அந்த அசதியில் அத்தை, அத்தை என்றுதான் முனகினாள். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், எழுதாதே என்று அண்ணன் சொன்னார். மறைப்பது பாவம் என்று நான்தான் எழுதுகிறேன். அன்றைக்கு, "அம்மா வராட்டி நீங்களே இருப்பீங்களா?" என்றுகூடக் கேட்டாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். பிள்ளைகள் இந்த வயதில் பக்கத்தில் இருப்பவர்களோடுதான் ஒட்டுவார்கள். விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம்.

ஈஸ்டர் விடுமுறையோடு, ஒரு பள்ளித் தவணையிலேயே முடித்துக்கொண்டு திரும்பலாம் என்று விதி இருக்கிறதாமே? விசாரித்துப் பாருங்கள். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ரோஷினி

*

கார்மார்தன்
9 மார்ச் 2025

ரோஷினி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை இங்குள்ள ஒருங்கிணைப்பாளரிடம் போய், ஈஸ்டருக்குப் பிறகு நான் இருக்கமாட்டேன், என் பிள்ளை என்னை மறந்துகொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். நல்ல மனுஷி. தேநீர் ஊற்றிக்கொடுத்தார். "உங்கள் இடம் வீணாகாது, காத்திருப்புப் பட்டியலில் உங்கள் ஊர் ஆசிரியர் ஒருவரே இருக்கிறார். நீங்கள் விலகினால் அடுத்த தவணைக்கு அவரைக் கூப்பிடுவோம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்ல அவருடைய நாக்கு கொஞ்சம் தடுமாறியது. எனக்குத் தடுமாறவில்லை.

நீ.

எனக்கு அடுத்த பெயர் நீ. தெரிந்துகொண்டே என் வீட்டில் உட்கார்ந்து, என் சமையலறையில் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டு, திரும்பி வா, திரும்பி வா என்று எனக்கு எழுதியிருக்கிறாய்! உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றாயே, அந்த வரியை எப்படி எழுத மனம் வந்தது?

உன் அண்ணனிடம் கேட்டேன். காய்ச்சலா என்றால், "ஒரு நாள் உடம்பு சுட்டுச்சு, மறுநாள் ஸ்கூல் போயிட்டா" என்றார். அத்தை அத்தை என்று முனகினாளா என்றால், "தூங்கிட்டுதானே இருந்தா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். என் வீட்டிலேயே நடக்கும் என்று நினைக்கவில்லை.

வாங்க போங்க என்று நீ காட்டும் மரியாதை எல்லாம் வாயோடுதான் என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் பிள்ளையை வைத்து விளையாடுவாய் என்று தெரியாது.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மாத முடிவுக்குள் போட வேண்டும். நான் வரட்டுமா, இருக்கட்டுமா? நீயே சொல். இந்த முறையாவது பூசாமல் சொல்.

சுஷ்மிதா

*

செங்காங்
12 மார்ச் 2025

அண்ணிக்கு,

ஆமாம், தெரியும். முடிவு வந்த அன்றைக்கே தெரியும். உங்களுக்கு அடுத்த பெயர் என்னுடையதுதான். ஏன் சொல்ல வேண்டும்? சொல்லியிருந்தால் ரக்ஷனாவை என்னிடம் விட்டிருப்பீர்களா? செங்காங் வந்ததே இதற்குத்தான் என்று நினைப்பீர்கள். பாதி இதற்குத்தான். காய்ச்சல் உண்மை, முனகல் பொய். அம்மா வராவிட்டால் நீங்களே இருப்பீர்களா என்று அவள் கேட்டது உண்மை. கேட்டபோது அவள் வாயில் பரோட்டா இருந்தது, கண்ணில் கவலை ஒன்றும் இல்லை. அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

பயிரை மேய்ந்தேன் என்கிறீர்கள். மேயத்தான் பார்த்தேன். பயிர் என்ன செய்தது என்று கேளுங்கள்.

நேற்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உங்கம்மா சீக்கிரம் வந்துடுவாங்க போலடி. அத்தை அங்க போவேன்" என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். வெட்கக்கேடு, டிஷ்யூ டப்பாவைக்கூட எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவள் சோபாவில் ஏறிக் குதித்தாள். "அம்மா வராங்களா? நெசமாவா? எப்போ?" அப்புறம் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து என் பெட்டியை இழுத்து, அலமாரியைத் திறந்து, என் புடவைகளை அள்ளி அள்ளிப் போட்டாள். "நீங்க போங்க அத்தை. அங்க ஜாலியா இருக்கும். அம்மாவோட ஸ்வெட்டர வாங்கிப் போட்டுக்கங்க." எல்லாம் நல்ல தமிழ். நான் கொடுத்த தமிழ்.

என்னை வழியனுப்ப அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை அண்ணி.

அந்தப் புடவைகளை ஒவ்வொன்றாக மறுபடியும் மடித்து உள்ளே வைத்தேன். வேல்ஸுக்குப் போக எத்தனை வருடமாக ஆசைப்பட்டேன் தெரியுமா? உங்கள் பெயர் வந்த அன்று பள்ளிக் கழிப்பறையில் போய் அழுதவள் நான். அந்த வேல்ஸ் நேற்று எனக்குக் கசந்துவிட்டது. பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது உங்கள் வேலையை விட்டு இறங்கி, உங்கள் பிள்ளையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பெற்றதைத் தவிர நீங்கள் அவளுக்கு என்ன செய்தீர்கள், உங்களுக்கு மட்டும் ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்றுகூட நினைத்தேன். கோபப்படுங்கள், பரவாயில்லை.

கேட்டீர்கள், சொல்கிறேன். வராதீர்கள். இருங்கள். மாநாட்டில் பேசுங்கள். என் பெயர் எந்தப் பக்கத்தில் வந்தால் எனக்கென்ன? எனக்கு ஜூலை வரை நேரம் வேண்டும். நான் போகிறேன் என்றால் அவள் அந்தப் பெட்டியை ஒளித்து வைக்க வேண்டும். அதைப் பார்க்காமல் நான் எந்த ஊருக்கும் போவதாக இல்லை.

இது உங்கள் நல்லதுக்காகச் சொல்வது இல்லை. என் நல்லதுக்குத்தான்.

ரோஷினி

*

கார்மார்தன்
16 மார்ச் 2025

அன்புள்ள ரோஷினி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஈஸ்டருக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுவேன். இந்த வாரம் உனக்கு அவர்களிடமிருந்து அழைப்பு வரும். மறுக்காதே.

அவள் சோபாவில் ஏறிக் குதித்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. நீ நினைத்திருந்தால் அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. சரி, இவளை மன்னித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கீழே படித்தேன். ஜூலை வரை நேரம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். தரமாட்டேன். உன்னை எனக்குத் தெரியும். ஜூலைக்குள் நீ அதைச் செய்துவிடுவாய்.

அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். இங்கே என் வகுப்புப் பிள்ளைகள் காலையில் எனக்கு வணக்கம் சொல்லப் பழகியிருக்கிறார்கள். அடுத்த தவணையில் அதை நீ வாங்கிக்கொள்வாய். அந்த மாநாட்டு மேடையில் நீ நிற்பதை நினைத்தால் எனக்கு இப்போதே வயிறு எரிகிறது. நீ எரிந்ததைவிட ஒரு பங்கு அதிகமாகவே எரிகிறது. போய் நில். நன்றாகப் பேசு. அவர்கள் கேள்வி கேட்டால் நீ பாடம் நடத்த ஆரம்பித்துவிடாதே. முதல் பக்கத்தில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. என் பெயரை மட்டும் எடுத்தாயோ, திரும்பி வந்ததும் வீட்டுக்குள் விடமாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ரக்ஷனா தானாகவே என்னைக் கூப்பிட்டாள். உனக்குக் கேட்கக் கூடாது என்று குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள். "அம்மா, நீங்க வாங்க. ஆனா அத்தை போகக் கூடாது" என்று ஒரே தேம்பல். அன்றைக்குக் குதித்துவிட்டு, அப்புறம்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது.

"அத்தை போனா நான் யாருகிட்ட பேசறது?"

"என்கிட்ட பேசு கண்ணு. அம்மா வந்துடுவேன்ல."

"உங்ககிட்ட எப்படிம்மா உங்களப் பத்திப் பேசறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. போனைக் காதோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அழுது முடிக்கும்வரை குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், பிள்ளை உன்னைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்ற கோபத்தோடு நீ நிம்மதியாக விமானம் ஏறியிருப்பாய். சொல்லிவிட்டேன். இனி இங்கே வந்து, மழையைப் பார்த்துக்கொண்டு, அவளையே நினைத்துக்கொண்டு கிட. நான் கிடந்த மாதிரி.

சுஷ்மிதா